கை கீபோர்டில், மனம் எங்கே?

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. பினாங்கு மாநிலம் பிறையில் குடியிருக்கிறேன். தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட் வேலை. சில வாரம் பகல், சில வாரம் இரவு. மோட்டாரில் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். எங்கள் தமிழ்ச் சபையில் பல வருடங்களாகக் கீபோர்டு வாசிக்கிறேன். செவ்வாய் பிராக்டிஸ், வெள்ளி வாலிபர் கூட்டம், சனி உபவாச ஜெபம், ஞாயிறு ஆராதனை என்று ஷிப்ட் இடம் கொடுத்தால் எதையும் விட மாட்டேன்.

ஆனால் ஆராதனையில் எல்லோரும் கை உயர்த்தி, கண்ணீர் விட்டுப் பாடும்போது எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. அடுத்து வாசிக்க வேண்டிய கோர்ட் என்ன, பாடுகிறவர் ஸ்கேல் ஏற்றப் போகிறாரா, மானிட்டர் ஸ்பீக்கரில் சத்தம் ஏன் வரவில்லை, இதுதான் மனதில் ஓடுகிறது. போன மாதம் எங்கள் இளம் போதகர், "முழு இருதயத்தோடு ஆராதிக்காதவன் மேடை ஏறக்கூடாது" என்று பிரசங்கம் செய்தார். என்னையே பார்த்துச் சொன்னதுபோல இருந்தது. நான் மாய்மாலக்காரனா? வாசிப்பதை விட்டுவிடவா? முழு இருதயத்தோடு ஆராதிப்பது என்றால்தான் என்ன?

மனைவியும் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளும் அதே சபைக்குத்தான் வருகிறார்கள். "மேடையில உங்க முகத்தப் பார்க்கிறப்போ, இந்த ஆளு எப்போ வீட்டுக்கு வருவாருன்னுதான் தோணுது" என்று மனைவி அன்றைக்குச் சொன்னாள். அது வேறு விஷயம்.

– பிறை வாசகர்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

உங்களை உறுத்துகிற அந்தச் சொல்லை முதலில் எடுத்துப் போட்டுவிடுவோம். நீங்கள் மாய்மாலக்காரர் இல்லை. மனுஷர் காணும்படி வீதிச் சந்திகளில் நின்று ஜெபம் பண்ண விரும்புகிறவர்களைத்தான் மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் இயேசு அப்படி அழைத்தார். சபை முழுவதும் அழுகிறபோது மேடையில் இருப்பவர் கண்ணை மூடி, முகத்தைச் சுருக்கி, தானும் அழுவதுபோல் காட்டிக்கொள்வது மிகவும் சுலபம். இத்தனை வருடம் நீங்கள் அதைச் செய்யாமல், உள்ளது உள்ளபடி நின்றிருக்கிறீர்கள். அந்த நேர்மையை ஆண்டவர் கவனிக்காமல் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

அப்புறம் உங்கள் கேள்வி. இதைக் கேட்பது நீங்கள் மட்டும் இல்லை. கோலாலம்பூரில் ஊழியம் செய்கிற மெதடிஸ்ட் போதகன் நான். ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலர் வேறு ஏதோ குடும்ப விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டு, எழுந்து போகிற நேரத்தில் தயங்கித் தயங்கி இதைக் கேட்பார்கள்: "பாஸ்டர், எனக்கு ஏன் அழுகை வர மாட்டேங்குது?" பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்துக் களைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு பல்லவியில் மனம் உடைந்து அழுவது நல்ல காரியம். அவர்களுக்கு அழ வேறு இடம் இருக்காது. ஆனால் "கை உயர்த்தாதவர்கள் ஆவியானவரைத் தடுக்கிறார்கள்" என்று மைக்கில் சொல்லும் வழக்கம் நம் சபைகள் சிலவற்றில் பரவிவிட்டது. அதை நான் ஏற்பதில்லை. கண்ணீரை அளவுகோலாக்கினால், வராதவர்கள் ஒன்று நடிப்பார்கள், அல்லது உங்களைப்போல் தங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்வார்கள்.

பிரசங்க மேடையில் நின்று வருடக் கணக்காக முகங்களைப் பார்க்கிறவன் சொல்கிறேன், முகத்தை வைத்து ஒன்றையும் கணிக்க முடியாது. எந்தப் பாட்டுக்கும் உதடு அசையாமல் நிற்கும் ஒருவர், வாரத்தில் மூன்று நாள் பக்கத்து வீட்டுக்காரரைத் தன் காரில் டயாலிசிஸுக்கு ஏற்றிக்கொண்டு போகிறவராக இருப்பார். என் சொந்த ஊர் உங்கள் பக்கம்தான், புக்கிட் மெர்தாஜாம். ஜூலை மாதம் செயின்ட் ஆன் திருவிழாவுக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன். நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் அங்கே கையில் மெழுகுவர்த்தியை ஏந்தி, கூட்டத்தோடு கூட்டமாக ஒன்றும் பேசாமல் நடக்கிற ஜனத்தைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாருடைய மனம் முழுமையாக இருந்தது, யாருடையது இல்லை என்று எவனால் சொல்ல முடியும்?

சரி, வேதம் என்ன சொல்கிறது? முழு மனதில்லாமல் ஆண்டவரைச் சேவித்த ஒருவனைப் பெயர் சொல்லியே அது காட்டுகிறது. யூதாவின் ராஜா அமத்சியா. 2 நாளாகமம் 25ஆம் அதிகாரம் தொடங்கியதுமே, அவன் கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழு மனதோடே செய்யவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த முழு மனமின்மை எப்படி வெளிப்பட்டது என்று அதிகாரத்தைத் தொடர்ந்து படியுங்கள். ஆலயத்தில் அவனுக்கு அழுகை வரவில்லை என்று அங்கே ஒரு வரியும் இல்லை. ஏதோமியரோடு யுத்தம் செய்ய அவன் 100 தாலந்து வெள்ளி கொடுத்து இஸ்ரவேலிலிருந்து ஒரு லட்சம் பேரைக் கூலிக்கு அமர்த்துகிறான். தேவனுடைய மனுஷன் வந்து, அவர்களை அனுப்பிவிடு என்கிறான். உடனே ராஜா கேட்பது, "அப்படியானால் நான் கொடுத்த 100 தாலந்துக்கு என்ன செய்கிறது?" கீழ்ப்படியத்தான் செய்கிறான், ஆனால் மனதுக்குள் ஒரு கணக்குப் புத்தகம் திறந்தே இருக்கிறது. யுத்தத்தில் ஜெயித்த பிறகு என்ன செய்தான் தெரியுமா? தோற்றுப்போன அந்த ஏதோமியரின், அதாவது சேயீர் புத்திரரின் தெய்வங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, தனக்குத் தெய்வங்களாக வைத்துப் பணிந்துகொண்டான். ஜெயம் தந்தவர் ஒருவர், வணக்கம் போனது இன்னொரு பக்கம்.

முழு இருதயம் என்றால் என்ன என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான விளக்கம் இந்த ராஜாவின் கதைதான். உணர்ச்சி குறைந்ததால் இருதயம் பாதியாவதில்லை. "ஆண்டவரே, இந்த ஒரு அறைக்குள் மட்டும் நீர் வர வேண்டாம்" என்று ஒரு கதவைப் பூட்டி வைக்கும்போதுதான் பாதியாகிறது. எல்லாக் கதவையும் திறந்துவிட்டவன் களைப்போடு நிற்கலாம், வறண்ட கண்ணோடு நிற்கலாம். அவன் முழு இருதயத்தோடுதான் நிற்கிறான்.

இப்போது கீபோர்டுக்கு வருவோம். அடுத்த கோர்ட்டை நினைத்துக்கொண்டிருப்பது கவனச் சிதறல் என்று எண்ணி உங்களை நீங்களே வாட்டிக்கொள்கிறீர்கள். மாற்கு 12ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன பிரதான கட்டளையில் இருதயத்தோடு ஆத்துமா, மனம், பலம் மூன்றும் இருக்கின்றன. பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடத்தைக் கவனித்து, அவருக்கு இடம் விட்டு வாசிக்கிறீர்களே, அந்த நேரத்தில் உங்கள் மனமும் பலமும்தான் வேலை செய்கின்றன. 33ஆம் சங்கீதம் வாத்தியங்களை நேர்த்தியாய் வாசியுங்கள் என்றே கட்டளையிடுகிறது. நேர்த்தி தானாக வருமா? தாவீது ஆலயப் பாட்டுக்கென்று ஏற்படுத்தியவர்களில் கீதவித்தையில் தேறியவர்கள் 288 பேர் என்று 1 நாளாகமம் 25 கணக்குச் சொல்கிறது. அவர்களில் பலர் சேர்ந்து வாசிக்க வேண்டுமானால் யாராவது தாளத்தைக் கவனித்துத்தான் ஆக வேண்டும்.

உங்களைப்போன்ற வாத்தியக்காரர்களுக்காக நான் மிகவும் விரும்பிப் படிக்கிற பகுதி ஒன்று உண்டு. 2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரம். மூன்று ராஜாக்கள் சேனையோடு வனாந்தரத்தில் தண்ணீர் இல்லாமல் மாட்டிக்கொண்டு எலிசா தீர்க்கதரிசியிடம் வருகிறார்கள். எலிசாவுக்கு இஸ்ரவேலின் ராஜா மேல் கடுங்கோபம். யூதாவின் ராஜா யோசபாத் இங்கே இல்லாவிட்டால் உம்முடைய முகத்தையே பார்த்திருக்க மாட்டேன் என்கிறார். அந்தக் கோபத்தோடு தீர்க்கதரிசனம் சொல்ல முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். சுரமண்டல வாத்தியக்காரன் ஒருவனை அழைத்து வரச் சொல்கிறார். அவன் வாசிக்கிறான், கர்த்தருடைய கரம் எலிசாவின்மேல் இறங்குகிறது. அந்த வாத்தியக்காரன் பெயர் என்ன? அன்றைக்கு அவனுக்குக் கண்ணீர் வந்ததா? வேதம் எதையும் சொல்லவில்லை. அவன் ஒழுங்காக வாசித்தான், இன்னொருவருக்கு வழி திறந்தது. உங்கள் சபையில் ஒரு தாயார் கண்ணை மூடி அழுகிறார் என்றால், நீங்கள் அந்த நேரம் மானிட்டரைப் பார்த்துக்கொண்டு தப்பில்லாமல் வாசித்ததும் அதற்கு ஒரு காரணம்.

இதில் உங்களுக்கு உதவக்கூடிய சின்ன விஷயம் ஒன்று. பாட்டை ஞாயிறு காலையில் கோர்ட்டாக மட்டும் சந்திக்காதீர்கள். முந்தின நாளே அதன் வரிகளை, வாத்தியத்தைத் தொடாமல், ஒரு முறை ஜெபமாக வாசித்துவிடுங்கள். அதில் உங்களால் உண்மையாகச் சொல்ல முடிகிற ஒரே ஒரு வரியைத் தேடுங்கள். மற்ற வரிகளைச் சபை பாடட்டும், அந்த வரி வரும்போது நீங்கள் அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள். சொல்ல முடிகிற வரி எதுவும் கிடைக்காத வாரமும் வரும். அப்போது 86ஆம் சங்கீதத்தில் தாவீது கேட்டதைக் கேளுங்கள்: "என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்." சிதறிக் கிடக்கிறது என்று ஒத்துக்கொண்டவனுடைய ஜெபம் அது.

கீபோர்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலை உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரி. மனைவி சொன்னதை எழுதிவிட்டு, "அது வேறு விஷயம்" என்று முடித்திருக்கிறீர்கள். சகோதரரே, அது வேறு விஷயம் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கான பதிலே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் வாரத்தை நீங்கள் எழுதிய கணக்கின்படியே போட்டுப் பார்த்தேன். 12 மணி நேர வேலை, அதற்கு மேல் பாலத்துப் போக்குவரத்து, அப்புறம் தூக்கம். மிஞ்சுகிற மாலைகளில் செவ்வாய், வெள்ளி, சனி சபைக்கு. ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் மேடையில், அவர்கள் கீழே. உங்கள் மகள் உங்களோடு உட்கார்ந்து ஒரு பிரசங்கம் கேட்டு எவ்வளவு நாள் ஆகிறது? இருதயம் எங்கே போயிற்று என்று ஆராதனை மேடையில் தேடுகிறீர்கள். அது அங்கே தொலையவில்லை. உங்கள் மனைவி "ஆராதனையை விடுங்கள்" என்று கேட்கவில்லை, எப்போது வீட்டுக்கு வருவீர்கள் என்றுதான் கேட்கிறார். சபையில் உங்களைப் பார்த்துக்கொண்டே அப்படித் தோன்றுகிறது என்றால், நீங்கள் வீட்டில் இருக்கிற நேரத்திலும் முழுவதுமாக அங்கே இல்லை என்றுதான் அர்த்தமாகிறது. நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவர் திருத்தட்டும்.

மல்கியா 2ஆம் அதிகாரத்தில் நம் எல்லோரையும் நிறுத்திக் கேட்கிற ஒரு பகுதி இருக்கிறது. ஜனங்கள் கர்த்தருடைய பீடத்தைக் கண்ணீராலும் அழுகையாலும் பெருமூச்சாலும் நிரப்புகிறார்கள். இன்றைக்கு அந்தக் காட்சியை யாராவது பார்த்தால் பெரிய எழுப்புதல் என்பார்கள். ஆனால் காணிக்கையை ஆண்டவர் மதிக்கவில்லை. ஏன் என்று கேட்கிறார்கள். உனக்கும் உன் இளவயதின் மனைவிக்கும் கர்த்தர் சாட்சியாயிருக்கிறார் என்பதுதான் பதில். அங்கே நடந்தது மனைவியைத் தள்ளிவிட்ட துரோகம். அதை உங்கள்மேல் சுமத்த நான் இதைச் சொல்லவில்லை, நீங்கள் குடும்பத்துக்காக உழைக்கிற மனிதர் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. நான் காட்ட விரும்புவது ஒன்றுதான்: பீடத்தில் எவ்வளவு கண்ணீர் இருந்தாலும், ஆண்டவர் வீட்டைப் பற்றி விசாரிக்கிறார். பேதுருவும் தன் முதலாம் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யுங்கள், உங்கள் ஜெபங்களுக்குத் தடை வரக்கூடாது என்று புருஷர்களிடம் சொல்கிறார். ஜெபம் தடைபடுகிற இடமாக அவர் காட்டுவது வீட்டு நடுக்கூடத்தை.

"அப்படியானால் கீபோர்டை விட்டுவிடவா?" என்று மறுபடி கேட்பீர்கள். விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச காலம் குறைக்கச் சொல்கிறேன். எங்கள் மெதடிஸ்ட் சபைகளில் வருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை என்று ஒன்று நடக்கும். ஜான் வெஸ்லி 1755இல் லண்டனில் தொடங்கி வைத்த வழக்கம் அது. அதில் நாங்கள் சொல்லும் ஜெபத்தில், என்னை உமக்காகப் பயன்படுத்தினாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி என்ற கருத்து வருகிறது. முதல் பாதியைச் சொல்ல எல்லோருக்கும் பிடிக்கும். இரண்டாம் பாதி வரும்போதுதான் தொண்டை அடைக்கும், குறிப்பாக ஊழியம் செய்கிறவர்களுக்கு. நான் இல்லாவிட்டால் ஆராதனை நடக்காது என்ற எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே குடியேறிவிடுகிறது. அது உங்களிடம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நீங்களே அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள். அமத்சியாவின் பூட்டிய அறை ஒருவேளை உங்களுக்கு அதுவாக இருக்கலாம்.

முதல் வேலையாக மனைவியோடு உட்காருங்கள். முடிவெடுத்துவிட்டு அறிவிக்காதீர்கள், கேளுங்கள். "நீ அன்னைக்குச் சொன்னியே, அதை நான் சரியா காதுல வாங்கல, இப்போ சொல்லு" என்று ஆரம்பித்தால் போதும். அவர் பேசும்போது குறுக்கே வேத வசனம் சொல்ல வேண்டாம், நான் மேலே எழுதிய வசனங்களையும் சேர்த்துத்தான். அப்புறம் அவரோடு சேர்ந்து, வாரத்தில் சபைக்குப் போகிற மூன்று மாலைகளில் எதை விடுவது என்று பாருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறாவது வாத்தியத்தைத் தொடாமல், குடும்பத்தோடு ஒரே பெஞ்சில் உட்காருங்கள். மகள் நடுவில் உட்கார்ந்து "அப்பா, இது எந்தப் பாட்டு?" என்று நச்சரிக்கட்டும். ஆஃப் நாள் காலையில் அவர்களைப் பசியாற வெளியே அழைத்துப் போங்கள், கைப்பேசியில் அடுத்த வாரப் பாட்டுப் பட்டியலைப் பார்க்காமல்.

நீங்கள் இல்லாத ஞாயிறுகளுக்கு யார் வாசிப்பது? சபையில் கீபோர்டைத் தொட்டுப் பார்க்க ஏங்குகிற ஒரு பையனோ பெண்ணோ நிச்சயம் இருப்பார்கள். தப்புத் தப்பாகத்தான் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். தாவீதின் 288 பேரில் ஆசானும் மாணாக்கனும் சரிசமமாகவே முறைக்குச் சீட்டுப் போட்டார்கள். ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்து இடத்தை விட்டுக்கொடுப்பதும் உங்கள் ஆராதனையின் ஒரு பகுதிதான்.

உங்கள் உடல் களைப்பையும் சும்மா விடாதீர்கள். பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறிச் செய்கிறவருக்கு மனம் மரத்துப்போவது புதிதில்லை. சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே என்று சொன்ன எலியா தீர்க்கதரிசிக்கு ஆண்டவர் முதலில் கொடுத்தது தூக்கமும் சுட்ட அடையும் தண்ணீரும்தான். பேச்சு அதற்குப் பிறகு. இரவு ஷிப்ட் முடிந்த காலையில் நேராக ஆராதனைக்கு ஓடி வருகிற ஞாயிறுகளை முதலில் குறையுங்கள். ஒருவேளை ஆராதனையில் மட்டும் இல்லாமல், மகள் சிரிக்கும்போதும், பிடித்த சாப்பாட்டைச் சாப்பிடும்போதும் ஒன்றும் தோன்றாமல் வாரக் கணக்காக இருந்தால், அது ஆவிக்குரிய குறை என்று எண்ணி ஜெபத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டாம். அரசாங்கக் கிளினிக்கில் டாக்டரிடம் போய் அப்படியே சொல்லுங்கள். போதகனாக இதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

கடைசியாக உங்கள் இளம் போதகர். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மேடையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்ற வைராக்கியம் நல்லது. ஆனால் அந்த வார்த்தை உங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று அவருக்குத் தெரியாது. தனியாக நேரம் கேட்டுப் போய்ச் சொல்லுங்கள். மற்றவர்களிடம் பேசுவதற்கு முன் அவரிடமே பேசிவிடுங்கள். மாதம் ஒரு ஞாயிறு ஏன் வாசிக்க மாட்டீர்கள் என்ற காரணத்தையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்: "என் வீட்டுக்கு நான் வேண்டும், பாஸ்டர்." அவர் நல்ல மேய்ப்பராக இருந்தால் அதைப் புரிந்துகொள்வார். புரியவில்லை என்றாலும் அந்த ஞாயிறை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். உங்கள் மனைவிக்குச் சம்மதமென்றால் அவரும் இரண்டு வரி எழுதட்டும். அவர் பக்கத்தையும் கேட்க விரும்புகிறேன்.